மேனேஜர் ஆகட்டுமா, கோடு (புரோகிராம்) எழுதிக்கொண்டே இருக்கட்டுமா?

இந்த மாதம் வந்த கேள்விகளில் முதலாவது நீளமானது, அதனால் பதிலும் நீளும். மற்றவை அதே விஷயத்தை வேறு வேறு பக்கத்திலிருந்து கேட்கின்றன. எல்லாமே பாடாங் செராய், லூனாஸ், கூலிம் வட்டாரத்துக் கடிதங்கள்.

கேள்வி: அண்ணா, வணக்கம். எனக்கு வயது 34. கூலிம் ஹைடெக் பார்க்கில் ஒரு தொழிற்சாலையில் சாஃப்ட்வேர் வேலை. உற்பத்தி லைனில் எந்த லாட் (ஒன்றாகப் போகும் சரக்குத் தொகுப்பு) எந்த மெஷினில் நிற்கிறது என்று கண்காணிக்கும் சிஸ்டத்தை நானும் இன்னும் ஏழு பேரும் பார்த்துக்கொள்கிறோம். எங்கள் மேனேஜர் வேலையை விட்டு சிங்கப்பூருக்குப் போகிறார், அந்த இடத்துக்கு என்னை வரச் சொல்கிறார்கள். எனக்குக் கோடு எழுதுவதுதான் பிடிக்கும். மீட்டிங் என்றாலே தலைவலி. ஆனால் அம்மா, "உங்கப்பா இருபது வருஷம் பால்மரம் வெட்டி அப்புறம் மண்டோர் ஆனாரு, அன்னைக்குத்தான் நம்ம வீட்டை நாலு பேர் மதிச்சாங்க, நீ வேணாங்கிறியா" என்கிறார். மாட்டேன் என்று சொன்னால் என்னைவிடச் சின்னப் பையன் எனக்கு மேலே வந்துவிடுவான். நாற்பது வயதுக்கு மேல் கோடு எழுதுகிறவர்களை வைத்துக்கொள்வார்களா என்ற பயமும் இருக்கிறது, இப்போது ஏஐ வேறு வந்துவிட்டது. ஒரு வாரத்தில் பதில் சொல்ல வேண்டும். என்ன செய்யட்டும்?
— வாசகி, பாடாங் செராய்

பதில்: தங்கச்சி, அம்மா சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன், உங்கள் குழப்பத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது. ரப்பர் தோட்டத்தில் ஏறுவதற்கு ஒரே ஒரு ஏணிதான் இருந்தது. பால் இறக்க மரப்பட்டையை வெட்டுகிறவர், அவருக்கு மேல் வேலையை மேற்பார்க்கும் மண்டோர், அப்புறம் கணக்கு எழுதும் கிராணி, உச்சியில் தோட்டத்து நிர்வாகியான துரை. எவ்வளவு நேர்த்தியாக மரம் வெட்டினாலும் வெட்டுகிறவர் கடைசிவரை வெட்டுகிறவர்தான். மரியாதையும் கூடுதல் காசும் வேண்டுமென்றால் கத்தியை வைத்துவிட்டு ஆள் வருகை எழுதும் செக்ரோல் புத்தகத்தைக் கையில் எடுக்க வேண்டும். வேறு வழியே கிடையாது. அந்த உலகத்தில் வாழ்ந்தவருக்கு 'மேனேஜர் வேண்டாம்' என்பது 'முன்னேற்றம் வேண்டாம்' என்றுதான் காதில் விழும், அதற்காக அம்மாவைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் அப்பாவிடம் தனியாக உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள், மண்டோர் ஆன முதல் மாதம் எப்படி இருந்தது என்று. ரப்பர் மரத்தில் பால் ஓடும் குழாய்கள் பெரும்பாலும் பட்டையின் உள்பக்கத்தில், மரத்தை ஒட்டித்தான் இருக்கின்றன. கத்தி மேலோடு போனால் பால் பிடிக்கும் மங்கு நிறையாது. ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக உள்ளே போய்விட்டால் மரத்தில் காயம், அந்த இடத்தில் பட்டை திரும்ப வளரும்போது முண்டும் முடிச்சுமாக வளரும், மறுசுற்றில் அங்கே கத்தி சீராகப் போகாது. அந்த ஒரு மில்லிமீட்டரை விடியுமுன், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில் தவறாமல் பிடிக்கிற கைதான் உங்கள் அப்பாவுடையது. மண்டோர் ஆன மறுநாள் அந்தக் கைக்கு வேலை இல்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கூப்பிட வேண்டும், வராதவனுடைய நிரையை (மர வரிசையை) யாருக்குப் பிரித்துக் கொடுப்பது என்று நின்ற இடத்திலேயே முடிவுசெய்ய வேண்டும், காயம் போட்டவரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும், நேற்றுவரை பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர் முறைத்தால் அதையும் தாங்க வேண்டும். சிலருக்கு அது அருமையாகக் கைவந்தது. வேறு சில தோட்டங்களில் நல்ல வெட்டுக்காரரும் போய், மோசமான மண்டோர் ஒருவர் வந்து சேர்ந்தார்.

இது தோட்டத்துக்கு மட்டும் உரிய கதை இல்லை. 131 அமெரிக்க நிறுவனங்களின் விற்பனை ஊழியர்களை வைத்து 2019இல் வெளியான ஒரு பொருளியல் ஆய்வு இதைத்தான் சொன்னது: நிறைய விற்பவர்களைத்தான் மேனேஜர் ஆக்குகிறார்கள், ஆனால் அப்படி ஆனவர்களில் முன்பு அதிகம் விற்றவர்களுக்குக் கீழேதான் மற்றவர்களின் விற்பனை மோசமாக இருந்தது. விற்பனை வேறு, சாஃப்ட்வேர் வேறு என்பீர்கள், சரிதான். ஆனாலும் உங்கள் கம்பெனி உங்களைத் தேர்ந்தெடுத்த காரணத்தை யோசியுங்கள். நீங்கள் அந்த டீமில் நன்றாகக் கோடு எழுதுகிறவர் என்பதைத் தவிர அவர்கள் வேறு ஏதாவது சொன்னார்களா?

மேனேஜர் என்றாலே வெட்டி என்று நான் சொல்லவரவில்லை. ஐ.டி. ஆட்கள் நிறையப் பேர் அப்படி நினைக்கிறார்கள். கூகுளே 2002இல் என்ஜினியர்களுக்கு மேனேஜரே வேண்டாம் என்று எடுத்துப் பார்த்தது, சில மாதங்களுக்கு மேல் தாங்கவில்லை, செலவுக் கணக்கும் ஆள் சண்டையும் நேராக மேலிடத்துக்குப் போய்க் குவிந்தன. பின்னால் அதே கம்பெனி தன்னிடம் இருந்த நல்ல மேனேஜர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று ஆராய்ந்து எட்டுக் குணங்களைப் பட்டியல் போட்டது. முதலில் வந்தது ஆளைப் பயிற்றுவித்து வளர்க்கும் குணம். தொழில்நுட்பத் திறமை எட்டாவது, அதாவது கடைசி. தொழில் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் அந்த வேலையைத் தூக்கி நிறுத்துவது அது இல்லை.

அந்த வேலை எப்படி இருக்கும் என்பதை உங்கள் மேனேஜர் சிங்கப்பூருக்குப் பெட்டி கட்டுவதற்குள் கண்ணால் பார்த்துவிடுங்கள். "உங்கள் போன வாரத்துக் காலண்டரைக் காட்டுங்கள்" என்று நேரடியாகக் கேளுங்கள், காட்டுவார், போகிறவர்தானே. ஏழு பேருடன் தனித்தனியாக அரை மணி நேரம் பேசினால் அதுவே மூன்றரை மணி நேரம். அதில் ஒருவர் அப்பாவுக்கு டயாலிசிஸ் என்று அழுவார், இன்னொருவர் பக்கத்து மேசைக்காரர் என் வேலையைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்கிறார் என்பார், இரண்டையும் நீங்கள் வெளியே சொல்ல முடியாது. அப்புறம் லீவு, தீபாவளி வாரத்தில் யார் ஸ்டேண்ட்பை என்கிற பஞ்சாயத்து, ஆண்டு இறுதியில் ஏழு பேரும் நன்றாக உழைத்திருக்க 'மிக நன்று' ஒருவருக்குத்தான் என்று எச்.ஆர். சொல்லும் கணக்கு. தலைமை அலுவலகம் கலிபோர்னியாவில் இருந்தால் இன்னொன்று: அங்கே காலை எட்டு மணி என்றால் நமக்கு இரவு பதினொன்று, அவர்களுடைய குளிர்காலத்தில் நள்ளிரவு. இப்போது எப்போதாவது அந்த போன் மீட்டிங்கில் இருப்பீர்கள். மேனேஜர் ஆனால் அது வாராந்திரம். காலண்டரைப் பார்க்கும்போது 'இதில் எந்தெந்தக் கட்டம் எனக்குப் பிடிக்கும்' என்று பாருங்கள். ஒன்றுகூட இல்லையென்றால் பதவிப் பெயர் அதைச் சரிசெய்யாது.

அடுத்தது இன்னொரு ஏணி. கோடு எழுதிக்கொண்டே மேலே போகிற பாதை ஐ.டி.யில் புதிது அல்ல, ஐபிஎம் 1960களிலேயே 'ஃபெல்லோ' என்று ஒரு பதவியை உண்டாக்கி, ஆளை மேய்க்காமலே உச்சிக்குப் போக வழி வைத்தது. இன்று பல கம்பெனிகளில் சீனியர், ஸ்டாஃப், பிரின்சிபல் என்று படம் போட்டுக் காட்டுகிறார்கள். அந்தப் படத்தை நம்பாதீர்கள். "பிரின்சிபல் என்ஜினியர் இந்த கூலிம் ஆபீசில் யார், பேர் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அந்தப் பதவியில் இருப்பவர்கள் அத்தனை பேரும் அமெரிக்காவிலோ பெங்களூரிலோ உட்கார்ந்திருந்தால், உங்களுக்கு அந்த ஏணி இரண்டாவது படியோடு முடிகிறது என்று அர்த்தம். நம் பக்கத்து ஆபீஸ்கள் பலவற்றில் உள்ள சங்கடமே இதுதான்: சிஸ்டத்தை ஓட்டுவது இங்கே, அது எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது வேறு நாட்டில். அப்படிப்பட்ட இடத்தில் தொழில்நுட்பப் பக்கத்திலேயே இருக்க விரும்புகிறவர் ஒரு நாள் இடம் மாற வேண்டியிருக்கும், பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை பாலத்தைத் தாண்டினால்தான் இருக்கிறது. பேர் சொல்ல முடிந்தால், அவரிடம் போய் ஒரு காப்பி குடித்துவிட்டு வாருங்கள். எதைக் காட்டி அந்தப் பதவி வாங்கினார் என்று அவர் சொல்வது எச்.ஆர். சொல்வதைவிட உபயோகமாக இருக்கும்.

சம்பளத்தைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை, அதனால் நானும் சுருக்கமாக முடிக்கிறேன். எவ்வளவு கூடுகிறது என்று எழுத்தில் வாங்குங்கள். ஸ்டேண்ட்பை அலவன்ஸ் இப்போது வந்துகொண்டிருந்தால் மேனேஜர் கிரேடில் அது உண்டா என்று கேளுங்கள், பல இடங்களில் நின்றுவிடும். கூடியதில் பாதி அங்கேயே போய்விட்டால் வெறும் பேருக்குத்தான் உயர்வு.

இனி பயங்கள். சின்னப் பையன் மேலே வந்தால் என்ன? உங்களுக்கு எட்டு வயது இளையவன் உங்கள் லீவு ஃபாரத்தில் கையெழுத்துப் போடுவான், அவ்வளவுதான். நல்ல பையனாக இருந்தால் முக்கிய முடிவு எதையும் உங்களைக் கேட்காமல் எடுக்க மாட்டான். நாற்பது வயது பயத்துக்கு வருவோம். மேனேஜர் நாற்காலி பத்திரமானது என்று யார் சொன்னது? 2023இல் மெட்டா அடுக்குகளைக் குறைக்கிறோம் என்று சொல்லி நிறைய மேனேஜர்களை மறுபடி நேரடி வேலைக்கு இறங்கச் சொன்னது. 2024 செப்டம்பரில் அமேசான், மேனேஜர்களோடு ஒப்பிடும்போது நேரடி வேலை செய்கிறவர்களின் விகிதத்தைக் குறைந்தது 15 சதவீதம் உயர்த்தப்போவதாக அறிவித்தது. ஆட்குறைப்பு வரும்போது இடுக்கில் மாட்டுவது நடு அடுக்குதான். அந்த நேரத்தில் மேனேஜராக இருந்து கோடும் மறந்துபோனவருக்கு இரண்டு பக்கமும் கஷ்டம். ஏஐ விஷயத்தில் நான் ஆறுதல் சொல்ல மாட்டேன். 'இதை இப்படி எழுது' என்று சொன்னால் அப்படியே எழுதுகிற வேலை சுருங்கிக்கொண்டு வருகிறது, அதை மட்டுமே செய்கிறவருக்கு ஆபத்துதான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு லாட் ஏன் சிஸ்டத்தில் ஒரு மெஷினிலும் தரையில் இன்னொரு மெஷினிலும் இருக்கிறது, டேட்டாபேஸில் எந்த டேபிளில் எந்த வரிசை பூட்டிக்கொண்டிருக்கிறது, அதைக் கையால் திறந்தால் பின்னால் என்ன உடையும் என்று தெரிந்த ஆள் வேறு. நீங்கள் இதில் எந்த ரகம் என்பது உங்களுக்கே தெரியும்.

சரி, என் முடிவைக் கேட்டால்: இப்போதைக்கு வேண்டாம் என்பேன். மீட்டிங் பிடிக்காது என்றதற்காக அல்ல, மீட்டிங் எந்த மேனேஜருக்குத்தான் பிடிக்கிறது. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சிஸ்டம் இருக்கிறது, அம்மா இருக்கிறார், அப்பா இருக்கிறார், இனி வரப்போகும் சின்னப் பையன்கூட இருக்கிறான். அந்த ஏழு பேரைப் பற்றி எண்ணிக்கையைத் தவிர ஒரு வரிகூட இல்லை. அவர்களில் யார் திறமை இருந்தும் பேசத் தயங்குகிறவர், யார் வேலையை விட்டுப் போகும் யோசனையில் இருக்கிறார் என்று உங்கள் மனம் ஓடியிருந்தால் அது எங்காவது எட்டிப் பார்த்திருக்கும். நான் தப்பாகவும் கணித்திருக்கலாம், ஒரு கடிதம்தானே. தப்பு என்று தோன்றினால் ஆறு மாதம் 'ஆக்டிங்' ஆக, அதாவது தற்காலிகமாக, பார்க்கிறேன் என்று கேளுங்கள், பிடிக்காவிட்டால் பழைய கிரேடுக்கும் பழைய சம்பளத்துக்கும் குறையாமல் திரும்பலாம் என்று மின்னஞ்சலிலாவது எழுதி வாங்கிக்கொண்டு. வாய்ப்பேச்சாக வாங்காதீர்கள், வாக்குக் கொடுத்தவர் அடுத்த வருஷம் அந்த நாற்காலியில் இருக்க மாட்டார்.

வேண்டாம் என்று சொல்வதானால் வெறும் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிடாதீர்கள், அதுதான் நம் ஆட்கள் செய்கிறது. கூடவே ஒன்றைக் கேளுங்கள்: "ஆள் நிர்வாகம் வேண்டாம், ஆனால் இந்த சிஸ்டத்தின் வடிவமைப்புப் பொறுப்பு எனக்கு வேண்டும், புதிதாக ஆள் எடுக்கும்போது நேர்காணலில் நான் இருக்க வேண்டும், அடுத்த கிரேடுக்கு நான் எதைச் செய்து காட்ட வேண்டும்?" அவர்களுக்கு இப்போது உங்களை இழக்க முடியாது, மேனேஜரும் போகிறார், நீங்களும் முகத்தைத் தூக்கிக்கொண்டால் லைன் நின்றுவிடும். பேரம் பேசுவதற்கு இதைவிட நல்ல வாரம் கிடைக்காது.

கேள்வி: வணக்கம் அண்ணே. மேனேஜர் ஆகி ஒரு வருஷம் தாண்டிவிட்டது. பகலில் மீட்டிங், இரவில் பிள்ளைகள் தூங்கிய பிறகு கோடு எழுதுகிறேன், இல்லையென்றால் மறந்துவிடும் என்று பயம். இரண்டிலும் திருப்தி இல்லை. பழைய வேலைக்கே திரும்பக் கேட்கலாமா? கேட்டால் தோற்றுவிட்டான் என்று நினைப்பார்களோ?
— வாசகர், லூனாஸ்

பதில்: தம்பி, கேட்கலாம். நீங்கள் ஒருத்தர்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம், மேலே போய் இரண்டு மூன்று வருஷம் மேய்த்துவிட்டு மறுபடி கீபோர்டுக்கு வந்து, அப்புறம் திரும்பவும் மேனேஜராகப் போகிறவர்கள் இந்தத் தொழிலில் ஏராளம். ஆள் நிர்வாகம் செய்துவிட்டு வந்த என்ஜினியருக்கு ஒரு லாபமும் உண்டு, மேலிடம் எதைப் பார்த்துப் பணம் ஒதுக்குகிறது என்று அவருக்குத் தெரியும்.

ஆனால் அந்த இரவு வேலையை முதலில் நிறுத்துங்கள். ரிலீசுக்குத் தேவையான டிக்கெட்டை, அதாவது ஒதுக்கிய வேலையை, மேனேஜர் கையில் வைத்துக்கொண்டால் என்ன நடக்கும் தெரியுமா? பகலெல்லாம் மீட்டிங், டிக்கெட் நகராது, அதற்குக் காத்திருக்கிற மூன்று பேர் உங்களிடம் கேட்கவும் கூச்சப்படுவார்கள், கடைசியில் ராத்திரி ஒரு மணிக்கு அவசரமாக எழுதியதை யாரும் தப்புச் சொல்லத் துணிய மாட்டார்கள், நீங்கள்தானே அப்ரெய்சல் (ஆண்டு மதிப்பீடு) போடுகிறவர். கை மறக்காமல் இருக்க வேண்டுமென்றால் மற்றவர் எழுதிய கோடைப் படியுங்கள், யாரும் காத்திருக்காத சின்ன டூல் ஏதாவது எழுதுங்கள், போதும்.

கேட்கிற நேரமும் முக்கியம். அப்ரெய்சலும் போனசும் முடிந்த பிறகு கேளுங்கள், டீமுக்கு இடைஞ்சலும் குறைவு, உங்களுக்கும் நஷ்டமில்லை. உங்கள் இடத்துக்கு யார் வரலாம் என்று ஒரு பேரையும் கையோடு கொண்டுபோங்கள். அதே டீமில் மறுபடி என்ஜினியராக உட்காருவது சங்கடம், புதிதாக வருகிற மேனேஜருக்கும் பாவம், முடிந்தால் பக்கத்து டீமுக்கு மாறுங்கள். யாராவது தோற்றுவிட்டான் என்று சொல்வார்கள்தான். ஒரு மாதம் பேசிவிட்டு வேறு ஆளைப் பிடித்துக்கொள்வார்கள்.

கேள்வி: ஐயா, என் மகன் சைபர்ஜெயாவில் பதினைந்து வருடமாக வேலை செய்கிறான். இன்னும் என்ஜினியர்தான். கூடப் படித்தவன் மேனேஜர் ஆகிவிட்டான். பெண் பார்க்கப் போன இடத்தில் 'இன்னும் மேனேஜர் ஆகலையா' என்று கேட்டுவிட்டார்கள். எனக்குத் தலை குனிந்துவிட்டது. அவனிடம் எப்படிச் சொல்வது?
— தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தந்தை, கூலிம்

பதில்: ஐயா, அவரிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம், கேளுங்கள். "பதினைந்து வருஷத்தில் உன் வேலை எப்படி மாறியிருக்கிறது?" என்று கேளுங்கள். முதலில் மற்றவர் சொன்னதைச் செய்தேன், இப்போது எப்படிச் செய்வதென்று நான் சொல்கிறேன், கஷ்டமான பிரச்சினை என்றால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவர் சொன்னால் நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். அவருடைய சம்பளம் அந்த நண்பருடையதைவிடக் கூடுதலாக இருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். அதே பழைய சிஸ்டம், அதே வேலை, சம்பளமும் அங்கேயே நிற்கிறது என்றால் அப்போது யோசிக்க வேண்டியதுதான், ஆனால் அதற்கும் மருந்து மேனேஜர் பதவி இல்லை, வேறு கம்பெனி. பெண் வீட்டாரைப் பொறுத்தவரை, வேலைக்குப் பேர் கேட்டால் 'சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்ட்' என்று சொல்லச் சொல்லுங்கள், உண்மையாகவே அந்த வேலையைச் செய்கிறார் என்றால். கேட்பதற்கும் கட்டடம் கட்டுகிறவர் மாதிரி இருக்கும், அடுத்த கேள்வி வராது.

கேள்வி: மேனேஜர் ஆவதற்கு பிஎம்பி (புராஜெக்ட் மேனேஜ்மென்ட்) சான்றிதழ் எடுத்தால் உதவுமா? கட்டணம் அதிகமாக இருக்கிறது.
— வாசகி, பாடாங் செராய்

பதில்: அது புராஜெக்டை நடத்துவதற்கான சான்றிதழ், ஆட்களை நிர்வகிப்பது வேறு வேலை. எங்கே, எப்போது, எவ்வளவு செலவில் முடியும் என்று திட்டம் போடுகிற வேலை உங்களுக்குப் பிடித்தால் எடுங்கள், அதுவும் ஒரு நல்ல பாதைதான், ஏழு பேருக்கு அப்ரெய்சல் எழுதாமலே போகலாம். ஆனால் பட்டம் இருந்தாலும் புராஜெக்டை நடத்திய மூன்று வருட அனுபவம் கேட்பார்கள், அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டணத்தை உங்கள் கையிலிருந்து போடுவதற்கு முன் எச்.ஆரிடம் போங்கள். பத்து மலேசியத் தொழிலாளர்களோ அதற்கு மேலோ வைத்திருக்கும் கம்பெனிகளில் பெரும்பாலானவை சம்பளத்தில் 1 சதவீதத்தை எச்ஆர்டி கோர்ப் என்னும் அரசுப் பயிற்சி நிதி அமைப்புக்கு லெவியாக (கட்டாயக் கட்டணமாக) கட்டியாக வேண்டும், அந்தப் பணம் ஊழியர் பயிற்சிக்குத்தான், பயிற்சி ஆரம்பிக்கும் முன்பே கம்பெனி விண்ணப்பிக்க வேண்டும். பதிவுபெற்ற பயிற்சி நிறுவனம் எது, வகுப்பு எந்தத் தேதியில் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். ஆண்டு முடியப் போகிறது, லெவி மிச்சம் இருக்கிறது என்று எச்.ஆர். தேடிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்துப் போனால் இன்னும் சுலபம்.